முதலாம் விருப்பம்

புத்தூர்,
20.05.1985

அன்புள்ள அண்ணைக்குக் குணம் எழுதுவது,

நானும் ஐயாவும் சுகமாக இருக்கிறோம். பேராதனையில் மழை தொடங்கியிருக்கும். உங்களுக்குச் சளி பிடிக்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணை, எனக்கு ஒரு பயம் வந்திருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பம் கிடைத்தது என்று கொழும்பிலிருந்து நாகேஸ்வரிக்குப் போன கிழமை அட்டை வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் விண்ணப்பித்த மற்ற ஐந்து பேருக்கும் வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. தினமும் படலையில் நின்று தபால்காரரைக் கேட்கிறேன். இன்று அவர் என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரித்துவிட்டார்.

ஐயாவை நெருக்கிக் கேட்டபோதுதான் சொன்னார். சித்திரை விடுமுறையில் நீங்கள் படிவத்தை நிரப்பி, உறையில் இட்டு ஒட்டிக் கொடுத்தீர்கள் அல்லவா? அதைப் பதிவுத் தபாலில் போட ஐயா அச்சுவேலிக்குச் சைக்கிளில் போயிருக்கிறார். பாதி வழியில், ஆமி சுட்டுக்கொண்டு வருகுதென்று சனம் ஓடி வந்ததாம். தபால் கந்தோரும் பூட்டு. நீங்கள் ஒட்டியிருந்த முத்திரையை நம்பிச் சந்தியில் இருந்த பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்துவிட்டார். பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லை.

"பெட்டியிலை போட்டாலும் கொழும்புக்குத்தானே பிள்ளை போகும்" என்கிறார்.

முடிவு திகதி இம்மாதம் 31. இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. புதுப் படிவம் கொழும்பில்தான் வாங்கலாமாம். ஒருக்கால் போய் விசாரித்து, கிடைக்கவில்லை என்றால் இன்னொன்று நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். பெறுபேற்றுப் பிரதி இத்துடன் இருக்கிறது. என் புள்ளிக்கு மருத்துவம் நிச்சயம் என்று அதிபர் அம்மா சொன்னவ. அம்மா செத்துப்போன வருடம் நான் டொக்டராகப் போறேன் என்று சொன்னதற்கு நீங்கள் சிரித்தது ஞாபகமா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கச்சி குணம்


பேராதனை,
11.06.1985

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் பிந்தித்தான் கையில் கிடைத்தது. நான் நல்ல சுகம். ஐயாவின் இருமல் எப்படி?

கொழும்புக்குப் போனேன். யன்னலுக்குள் இருந்த நரைத்த தலை உத்தியோகத்தர் பேரேட்டை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். உன் பெயர் இல்லை. திகதி முடிந்தபின் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று சொல்லிவிட்டார்.

மனதைத் தளரவிடாதே. ஆவணியில் திரும்பவும் சோதனை எழுது. ஒரு வருடம் பெரிய விஷயம் இல்லை. ஐயாவை ஏசாதே. இந்தக் காலத்தில் பெட்டியில் போடுவதெல்லாம் போய்ச் சேருகிறதா என்ன?

அன்புடன்,
அண்ணை பஞ்சலிங்கம்


புத்தூர்,
02.10.1985

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறேன் என்றுதான் எழுதவேண்டும். நீங்களும் சுகமாக இருங்கள்.

சோதனை எழுதினேன். இரசாயனவியல் வினாத்தாள் அன்று தலைக்கு மேலே ஹெலிகொப்டர் சுற்றியது. எல்லாரும் மேசைக்குக் கீழே போனோம். திரும்ப எழும்பி இருந்தபோது பாதி எழுதிய கணக்கு எங்கே விட்டதென்று தெரியவில்லை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. போன முறை படித்தது ஆசையோடு. இந்த முறை ஆத்திரத்தோடு. ஆத்திரத்தோடு படித்தது மண்டையில் நிற்கவில்லை.

நாகேஸ்வரி யாழ்ப்பாண மருத்துவபீடத்துக்குத் தெரிவாகிவிட்டாள். சொல்ல வந்தவள், நான் கதவைத் திறந்ததும் சொல்லாமல் அழுதாள்.

அண்ணை, நீங்கள் ஏசவேண்டாம் என்றீர்கள். ஏசிவிட்டேன். அவள் போன பிறகு ஐயா வெங்காயப் பிடியோடு வாசலில் நின்று, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டார். "நீங்கள் பெட்டியிலை போட்டது கடிதத்தை இல்லை ஐயா, என்னைத்தான்" என்று சொன்னேன். அவர் அந்த வெங்காயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கனநேரம் நின்றார். அதற்குப் பிறகு நான் அவரோடு கதைப்பதில்லை. கதைக்க வாய் வரவில்லை.

உங்கள் தங்கச்சி,
குணம்


புத்தூர்,
15.11.1985

மகன் பஞ்சலிங்கத்துக்குத் தகப்பன் முருகேசு எழுதிக்கொள்வது. இங்கு மழை நல்லம். உன் சுகத்துக்கு வைரவருக்கு நேர்ந்திருக்கிறேன்.

தம்பி, நான் எழுத்தில் கெட்டிக்காரன் அல்லன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். குணம் என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய்விடும். நான் காய்ச்சலாகக் கிடந்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

பிழை என்னுடையதுதான். அன்றைக்கு ஒரு மணித்தியாலம் ஒழுங்கைக்குள் ஒதுங்கி நின்றிருந்தால் காரியம் நடந்திருக்கும். கந்தோர் பிறகு திறந்ததாம். நான் பயந்துபோனேன்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். விலாசம் தெரியாத கடிதங்களைக் கொழும்பில் ஒரு அறைக்குள் போட்டு வைத்திருப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் சொல்கிறார். அங்கே போய்த் தேடவிடுவார்களா? எத்தனை நாள் சென்றாலும் இருந்து தேடுவேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியும். எனக்குச் சிங்களம் தெரியாது. நீ கூட வந்தால் போகலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
முருகேசு


பேராதனை,
28.12.1985

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுகம். ஆய்வுகூட வேலை இருப்பதால் இந்த விடுமுறைக்கு வரவில்லை.

கொழும்புக்குப் போய்த் தேடுகிற காலமா இது? அப்படி ஒரு அறை இருக்கிறதோ தெரியாது. இருந்தாலும் இனிப் பயன் இல்லை. எவருக்கும் வரக்கூடிய பிழைதான் உங்களுக்கும் வந்தது. அதை நினைத்து உடம்பைக் கெடுக்கவேண்டாம். குணம் காலம் போகக் கதைப்பாள்.

தங்கள் மகன்,
பஞ்சலிங்கம்


புத்தூர்,
09.08.1986

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் சுகத்தை விசாரித்து மாசியில் ஒன்றும் வைகாசியில் ஒன்றும் எழுதினேன். பதில் இல்லை. நீங்கள் பட்டம் பெற்று அங்கேயே தாவரவியல் பகுதியில் வேலையில் சேர்ந்ததாகக் கனகரத்தினம் மாமா சொல்லித்தான் அறிந்தேன். சந்தோஷம்.

இரண்டாம் முறைப் பெறுபேறு மருத்துவத்துக்குக் காணாது. நாற்பது புள்ளிக்கு மேல் இறங்கிவிட்டது. மூன்றாம் முறையும் எழுது என்று அதிபர் அம்மா சொல்கிறா. புத்தகத்தைத் திறந்தால் ஐயா பெட்டிக்குள் உறையைத் தள்ளுவதுதான் தெரிகிறது. பிறகு எப்படிப் படிப்பது?

மருத்துவிச்சிப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகப் பேப்பரில் வந்தது. விண்ணப்பத்தை நானே யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். நேர்முகத்தில் இருந்த டொக்டர் என் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளியோடை ஏன் பிள்ளை இங்கை வந்தனீர்?" என்று கேட்டார். பிள்ளைப்பேறு பார்க்க விருப்பம் என்று சொன்னேன். தெரிவாகிவிட்டேன்.

இதில் சேர்ந்தால் மூன்றாம் முறை எழுத இயலாது. சேரவா, விடவா? வீட்டில் கேட்க வேறு ஆள் இல்லை. உங்கள் பதில் வருமட்டும் சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வைக்காமல் இருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
குணம்


புத்தூர்,
18.02.1989

அன்புள்ள அண்ணைக்கு,

அங்கே உங்கள் வளாகம் மூடிக் கிடப்பதாகவும், ஆட்களைப் பிடித்துக் கொல்வதாகவும் கேள்விப்படுகிறேன். கவனமாக இருங்கள்.

என் கடைசிக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கையொப்பம் வைத்தேன். இப்போது அச்சுவேலிப் பக்கம் வேலை. வீடுவீடாகச் சைக்கிளில் போகிறேன். இது வரையில் நூற்றுக்கு மேல் பிள்ளைகளை எடுத்திருக்கிறேன்.

எழுதவந்த விஷயம் ஐயாவைப் பற்றியது. மார்கழி இருபத்தோராம் திகதி வெங்காயப் பாத்திக்குள் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் வழங்கவில்லை, வாயும் கோணிவிட்டது. அண்ணை, மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவரோடு கதைத்த முதல் வார்த்தை "வாயைத் திறவுங்கோ" என்பதுதான். கஞ்சி பருக்குவதற்காக. அவர் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் கதைத்ததை நம்பவில்லைப் போலிருக்கிறது.

இப்போது கொஞ்சம் கதைக்கிறார். கதைப்பது ஒன்றுதான். "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. பெட்டியிலை போட்டிருக்கக் கூடாது." மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறேன். தலையை ஆட்டுவார். அடுத்தநாள் காலையில் திரும்பவும் கேட்பார்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நாகேஸ்வரியைக் கண்டேன். வெள்ளைக் கோட்டோடு மாணவர்களுக்குள் நின்றாள். ஐயாவின் கட்டிலுக்கு வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் அவருடைய நாடியைப் பிடித்தாள். வெட்கப்பட்டவள் அவள்தான். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

குணம்


பேராதனை,
30.03.1989

அன்புள்ள குணம்,

உன் கடிதத்தை மூன்று கிழமையாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஐயா இப்போது எப்படி? எழுந்து இருக்கிறாரா?

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லவேண்டும். ஐயா பெட்டியில் போட்ட உறைக்குள் உன் படிவம் இருக்கவில்லை. ஒட்டுவதற்கு முன் நான் அதை எடுத்துவிட்டு, பழைய வினாத்தாள்களை மடித்து வைத்தேன்.

எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பில் அகப்பட்டு, நான் எப்படித் தப்பி வந்தேன் என்பது உனக்குத் தெரியும். கண்ணால் கண்டதை இன்று வரையில் வாயால் சொன்னதில்லை. அந்தத் தென்பகுதிக்கு உன்னைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உன் படிப்பைவிட உன் உயிர் பெரிதென்று நினைத்தேன். செய்தது பிழை. ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

ஐயாவுக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் அண்ணை,
பஞ்சலிங்கம்


புத்தூர்,
06.08.1989

அண்ணைக்கு,

ஐயா இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் சித்திரையில் வந்தது. பலதரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

படிவத்தில் முதலாம் விருப்பம் என்ற கட்டத்துக்குள் என்ன எழுதினோம் என்பது ஞாபகம் இருக்கிறதா? மருத்துவம், யாழ்ப்பாணம். எழுதியது உங்கள் கை. இரண்டாம் விருப்பமாகப் பேராதனையைப் போடுவோமா என்று நான் கேட்டதற்கு, "உது எதுக்கு, உன்ரை புள்ளிக்கு யாழ்ப்பாணமே கிடைக்கும்" என்று சொன்னதும் நீங்கள்தான். எங்கள் வீட்டிலிருந்து மருத்துவபீடத்துக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம். நாகேஸ்வரி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் படிக்கப் போகிறாள்.

என்னை எந்தத் தென்பகுதிக்கு அனுப்பப் பயந்தீர்கள்?

ஐயாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பொய்யை அவருக்குக் கொடுக்கமாட்டேன்.

குணலட்சுமி


பேராதனை,
01.09.1989

குணம்,

ஐயாவின் சுகத்தையும் உன் சுகத்தையும் கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமலும் இருக்க இயலவில்லை.

நீ கேட்டது சரி. தென்பகுதிக் கதையை நான் பிறகுதான் தேடிப் பிடித்தேன். நாலு வருடம் எனக்கே அதைச் சொல்லிச் சொல்லிப் பாதி நம்பியும் விட்டேன்.

மருத்துவத்துக்கு நான் இரண்டு தரம் எழுதினேன். இரண்டு தரமும் வரவில்லை. விஞ்ஞானபீடம் கிடைத்த அன்று ஐயா, "பறவாயில்லைத் தம்பி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனார். உன் பெறுபேற்றுக்குப் பிறகு நான் விடுமுறையில் வந்தபோது, அவர் கிணற்றடியில் கனகரத்தினம் மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "மூத்தவன் முக்கிப் பாத்தான், வரேல்லை. இவள் விளையாட்டாய் எடுத்துப்போட்டாள். மூளையெண்டால் இவளுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா போன பிறகு ஐயா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அடுத்தநாள் படிவத்தை நிரப்பினோம். நீ கையொப்பம் வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாய். அந்த நேரத்துக்குள் செய்தேன். பசை காயமுதல் திரும்ப வைத்திருக்கலாம். நீ கோப்பையோடு வந்து, "ஒட்டியாச்சோ அண்ணை?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். படிவத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்து, கிழித்து மகாவலி ஆற்றில் போட்டேன்.

இன்னும் இருக்கிறது. எண்பத்தைந்து வைகாசியில் நீ எழுதிய கடிதம் எனக்குப் பிந்தவில்லை. இருபத்துநாலாம் திகதியே கிடைத்தது. ஏழு நாள் இருந்தது. கொழும்புக்கு நான் போகவே இல்லை. நரைத்த தலை உத்தியோகத்தர் என்று ஒருவர் இல்லை. ஐயா பெட்டியில் போட்டுவிட்டார் என்று நீ எழுதியதை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி என்ன தெரியுமா? நிம்மதி. அந்தச் சனியனை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கடிதங்கள் கிடக்கும் அறையைத் தேடித் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஐயா எனக்கு எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டும், எவருக்கும் வரக்கூடிய பிழை என்று அவருக்குப் பதில் போட்டேன். நீ மருத்துவிச்சி வேலையில் சேரவா என்று கேட்டு எழுதினாய். சேர் என்று எழுதவும் கை கூசியது, சேராதே என்று எழுதவும் கூசியது. பதிலே போடாமல் விட்டேன்.

இதை ஐயாவுக்கு வாசித்துக் காட்டு. ஒரு சொல்லும் விடாதே.

பஞ்சலிங்கம்


புத்தூர்,
12.11.1989

அண்ணைக்கு,

ஐயாவுக்கு இப்போது பிடித்துவிட்டால் நாலடி நடக்க முடிகிறது.

உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் அவர் கட்டிலடியில் இருந்து வாசித்தேன். சொன்னபடி ஒரு சொல்லும் விடவில்லை. கிணற்றடிக் கதையையும் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கோணிய வாயால் சிரித்தார்.

"அவன் நல்ல பிள்ளை. நான் கிடந்து கவலைப்படுறன் எண்டு என்ரை பிழையைத் தன்ரை தலையிலை ஏத்துறான்."

"இல்லை ஐயா, உண்மையாய்த்தான் எழுதியிருக்கிறார்" என்று சொல்லி இரண்டாம் முறையும் வாசித்தேன்.

"போதும் வாசிச்சது. சின்னனிலையும் உவன் உப்பிடித்தான். நான் உடைச்ச பானையைத் தான் உடைச்சதெண்டு கொம்மாவுக்குச் சொன்னவன்."

பிறகு என்னைக் காகிதம் எடுக்கச் சொல்லி, உங்களுக்கு எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "தம்பி, நீ எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். பெட்டியிலை போட்டது நான்தான். உன்னிலை எனக்குப் பெருமை."

அண்ணை, காகிதத்தால் செய்யக்கூடியதை நான் செய்துவிட்டேன். நீங்கள் வாருங்கள். வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் உங்களைப் பற்றிப் பெருமையாகக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு என்னால் அவருக்குக் கஞ்சி பருக்க முடியவில்லை.

குணம்


புத்தூர்,
28.05.1990

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் பஸ் ஏறியபோது முகம் வாடியிருந்தது. சாப்பாட்டைக் கவனியுங்கள்.

நீங்கள் சித்திரையில் வந்து நின்ற மூன்று நாளும் இந்த வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐயா உங்களை மூன்று தரம் சொல்லவைத்தார். மூன்றாம் தரம் சொன்ன பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீங்கள் போகும்போது காலைத் தொட்டதற்கும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எட்டு நாள் அவர் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஒன்பதாம் நாள் நான் பாயை உதறிக்கொண்டு நின்றபோது, "மூண்டு வருசம்" என்றார்.

"என்ன ஐயா?"

"மூண்டு வருசம் நீ என்னோடை கதைக்கேல்லை."

"ஓம் ஐயா."

"நான் செய்யேல்லை பிள்ளை."

"ஓம் ஐயா. நீங்கள் செய்யேல்லை."

அவ்வளவுதான் கேட்டார். அண்ணை, நீங்கள் செய்தது உங்களோடு. ஆனால் அவர் காய்ச்சலில் கிடந்தபோது கொத்தமல்லித் தண்ணியை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி வந்தவள் நான். அதை எவரும் எனக்குச் செய்யச் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே தவறவிட்டிருந்தாலும் அது அவ்வளவு பெரிய தண்டனைக்குரிய பிழையா? இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? அவரிடமே சொன்னேன். "எனக்குப் பழகிப்போச்சு" என்றார். அந்தப் பதிலை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பின்நேரம் வெளியே கதிரையில் இருத்திவிட்டிருந்தேன். வேலையால் வந்து சைக்கிளை நிறுத்த, என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இப்ப நீ அந்தப் படிப்புக்குப் போகேலுமோ?"

"ஏலாது ஐயா. அந்தக் காலம் போட்டுது. திரும்பச் சோதனை எடுத்துப் புள்ளி எடுக்கிற வயசும் இல்லை, அந்தப் படிப்பும் இப்ப மண்டையிலை இல்லை."

"நாகேஸ்வரி?"

"வாற வருசம் டொக்டராய் வெளியிலை வந்திடுவாள்."

 பிறகு அழத் தொடங்கினார். வாய் கோணியிருப்பதால் அழுகிறாரா, மூச்சு முட்டுகிறதா என்று தெரியாமல் நான் பயந்து ஓடிப்போய்ப் பிடித்தேன். "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்று மட்டும் சொன்னார். ஐந்து வருடமாகத் தான் செய்ததாக நம்பிய பிழைக்காகவே வருந்திக்கொண்டிருந்த மனிதர், என் படிப்புப் போனதற்காக அழுதது அன்றுதான். அதற்காக எவரும் அழுததில்லை அண்ணை. நானும் அழவில்லை. எனக்கு ஆத்திரப்படத்தான் நேரம் இருந்தது. அன்று இரண்டு பேரும் அந்தக் கதிரையடியில் இருந்து அழுதோம்.

இப்போது தினமும் மன்னிப்புக் கேட்பதில்லை. நான் வேலையால் வந்ததும் ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்று கேட்கிறார். உங்களைப் பற்றி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எழுதுகிறேன். நீங்கள் அவருக்குத் தனியாகக் கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டாலும் போடுங்கள். நான் வாசித்துக் காட்டுவேன்.

மன்னித்துவிட்டேன் என்று உங்களுக்கு எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வராததை எழுதமாட்டேன். வாதரவத்தையில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டிருக்கிறதாம், புருஷன் வந்து படலையில் நிற்கிறான். போகவேண்டும்.

உங்கள் தங்கச்சி,
குணம்